முந்தி ஒட்டிய ஸ்டிக்கர்

டாக்டர் ஸ்வர்ணா ஒரு வாரம் ஊரில் இருக்கமாட்டாள், டெக்சாஸில் பல் மருத்துவர்கள் மாநாடு என்று லிவர்மோர் கோயில் வட்டாரத்தில் சொல்லிவைத்தவர் அவளுடைய கணவர் பத்மநாபன்தான். மனைவி கைத்துப்பாக்கிப் போட்டியில் தேசிய அளவுக்குப் போகிறாள் என்பதை எந்த முகத்தோடு சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை. தாமும் அதே போட்டியில் இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கப்போவதைப்பற்றியோ, அவர் மூச்சுவிடவில்லை.

சான் ஹோசே விமான நிலையத்தில் பூட்டிய பெட்டியைக் கவுன்ட்டர்மேல் வைத்து, உள்ளே இருப்பது இன்னதென்று ஸ்வர்ணா விதிப்படி வாய்விட்டுச் சொன்னபோது, வரிசையில் தெரிந்த முகம் ஏதேனும் இருக்கிறதா என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்னா, திருட்டுப் பொருளா கொண்டுபோறோம்? கழுத்து சுளுக்கிக்கப் போறது."

"அதுக்கில்ல. ராஜலக்ஷ்மி ஆன்ட்டி பையன் அடிக்கடி டிராவல் பண்றவன். பாத்துட்டான்னா கோயில் பூரா பரவிடும்."

"பரவட்டுமே. நான் மட்டும் ஜெயிச்சேன்னா, நீங்களே ஆன்ட்டிக்கு போன் பண்ணிச் சொல்லணும். டீல்?"

"முதல்ல ஜெயி," என்றார் பத்மநாபன். சொல்லிவிட்டு, இவள் உண்மையிலேயே ஜெயித்துவிடுவாளே என்ற எண்ணம் வந்ததும், பயமும் பெருமையும் ஒன்றாகச் சேர, வரிசையை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஸ்வர்ணாவின் கிளினிக்கில் வேலைபார்த்த பெண் ஒருத்தி, சும்மா வேடிக்கை பார்க்க வாருங்கள் என்று அவளை ஒரு சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப்போனாள். கடைவாய்ப் பல்லின் வேரை நடுங்காமல் பிடித்துப் பழகிய கை, துப்பாக்கியையும் நடுங்காமல் பிடித்தது. அன்று தொடங்கியது. விடியற்காலையில் கராஜில், அரிசி மூட்டைகளுக்கும் பழைய ட்ரெட்மில்லுக்கும் நடுவே, குண்டில்லாத துப்பாக்கியை உருவுவதும் குறிவைப்பதும் மறுபடி உறையில் இடுவதுமாக அரைமணி நேரம் பயிற்சி செய்யாமல் அவள் காப்பியைத் தொடமாட்டாள். துணைக்கு நின்ற பத்மநாபனும் நாளடைவில் ஒன்று வாங்கினார். ஆனால் அவர் கணக்கே வேறு. முந்நூற்று நாற்பது பேர் கலந்துகொண்ட அந்தத் தேசியப் போட்டியில் அவருடைய இடம் முந்நூற்றுப் பதினொன்று. ஸ்வர்ணாவோ, மூன்றாம் நாள் நண்பகலில், பெண்கள் பிரிவில் முதலிடத்தில் இருந்தாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஸ்டேஜ்.

இது ஓரிடத்தில் நின்று வட்டப் பலகையைச் சுடுகின்ற போட்டியன்று. மரச்சட்டங்களாலும் வலைகளாலும் அறை போலவும் சன்னல் போலவும் தடுப்புகளை நிறுத்தியிருப்பார்கள். அப்படி ஒவ்வோர் அமைப்பும் ஒரு ஸ்டேஜ். டைமர் கூவியவுடன் ஓடிக்கொண்டே, பழுப்பு அட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டுகள் பதிக்கவேண்டும். பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுத்து வருவதே மதிப்பு. ஆகையால் நிதானித்தாலும் கெட்டது, அவசரப்பட்டாலும் கெட்டது. போதாக்குறைக்குப் பழுப்பு அட்டைகளை ஒட்டி வெள்ளை அட்டைகளும் நிற்கும். வெள்ளையைத் தொட்டால் பத்துப் புள்ளி பறிபோகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் சுட்டு முடித்ததும் நடுவரான ரேஞ்ச் ஆபீசர் அட்டை அட்டையாகப் போய்த் துளைகளைப் பார்த்துச் சொல்வார். உதவியாளர் டாப்லெட்டில் பதிவார். ஆபீசர் கடந்த பின்னரே, குழுவிலுள்ள மற்றப் போட்டியாளர்கள் துளைகளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்தவருக்காக அட்டைகளைச் சரிசெய்வார்கள். அங்கே சாம்பியனும் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும், முந்நூற்றுப் பதினோராமவரும் ஒட்டவேண்டும்.

சுடுவதில் பத்மநாபன் எப்படியோ, ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் பிறவியே அப்படி. வீட்டில் யாராவது காப்பி குடித்து முடிப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கிக் கழுவிவிடுவார். அவர் வேலைபார்க்கும் சன்னிவேல் அலுவலகத்தில், தீர்க்காமல் திறந்துகிடக்கும் புகார் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க இயலாது, மூடிவிட்டுத்தான் மறுவேலை. இங்கேயும், நேரம் வீணாகக்கூடாதென்று, ஸ்டிக்கர்களை முன்கூட்டியே உரித்து, இடது முன்கையில் பழுப்பு ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை என்று ஒட்டிவைத்துக்கொண்டு திரிந்தார். அவருடைய கையைப் பார்த்துக் குழுவே மூன்று நாளாகச் சிரித்தது.

கடைசி ஸ்டேஜில் ஒக்லஹோமாவிலிருந்து வந்த ஷானன் முதலில் சுட்டாள். பட்டத்துக்கு ஸ்வர்ணாவோடு தோளோடு தோளாக வந்துகொண்டிருந்தவள் அவள்தான். பிசகே இல்லை. இனி ஸ்வர்ணாவும் பிசகில்லாமல் சுட்டால் பட்டம் அவளுக்கு, சறுக்கினால் ஷானனுக்கு.

"ஆர் யூ ரெடி?" என்றார் ரேஞ்ச் ஆபீசர் மார்லின், வெயிலில் வெந்து சிவந்த ஆறடி மனிதர். "ஸ்டாண்ட் பை."

டைமர் கூவிற்று. பிறகு நடந்ததைப் பத்மநாபனால் தனித்தனியாகச் சொல்ல முடியாது. நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி, பாதி நரைத்த பின்னல் முதுகில் அடிக்க, தடுப்புக்குத் தடுப்பு ஓடினாள். சத்தம் இரண்டிரண்டாக, தையல் இயந்திரம் ஓடுவதுபோல், சீராகக் கேட்டது. இடக்கோடியில் வலைத்தடுப்புக்குப் பின்னே கடைசி அட்டை. இரண்டு குண்டு. முடிந்தது. பதினேழு வினாடியும் சில்லறையும்.

துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டி அவள் உறையில் இட்டதும், "ரேஞ்ச் இஸ் கிளியர்!" என்று, இனி அட்டைகளிடம் போகலாம் என்பதற்கு அடையாளமாக, மார்லின் கத்தினார். அவர் வலக்கோடியிலிருந்து பார்க்கத் தொடங்கினார். பத்மநாபனோ, கண்ணில் நீர் தளும்ப, கால் தரையில் பாவாமல், இடக்கோடிக்கு ஓடினார். கை தன்பாட்டுக்கு வேலைசெய்தது. பழுப்பில் ஒரு துளை, பழுப்பு ஸ்டிக்கர். வெள்ளையில் ஒரு துளை, வெள்ளை ஸ்டிக்கர்.

வெள்ளையில்!

அப்போதுதான் அவருக்கு இரண்டும் ஒன்றாக உறைத்தன: அவள் வெள்ளையைத் தொட்டிருக்கிறாள், அதைத் தாம், மார்லின் பார்ப்பதற்கு முன்பே, மூடிவிட்டோம்.

மார்லின் வந்து நின்றார். அட்டையைப் பார்த்தார். அதில் காலையிலிருந்து ஒட்டிய ஸ்டிக்கர்கள் மீன் செதில்போல் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. துளை ஒன்றுமில்லை.

"யார் ஒட்டியது?"

"நான்தான்," என்றார் பத்மநாபன்.  

மார்லின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முந்தி ஒட்டி, துளை எதுவென்று தெரியாமற்போனால், அந்த ஸ்டேஜை அடியிலிருந்து திரும்பச் சுடவேண்டும். முதலில் சுட்டது கணக்கில் இல்லை. இதுதான் விதி. "மன்னிக்கவேண்டும், டாக்டர். இவ்வளவு நன்றாகச் சுட்டீர்கள். மறுபடி சுடவேண்டியதுதான்," என்றார், அவளுக்காக வருந்தி.

ஸ்வர்ணாவுக்காக வருந்தவேண்டியதில்லை என்பது அங்கே தமக்கு ஒருவருக்குத்தான் தெரியும் என்று பத்மநாபன் நினைத்தார். நழுவிப்போன பட்டம் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஷானன் சற்றுத் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.  ஒட்டியவன் யாருடைய கணவன் என்பதை அவள் அறிவாள்.

ஸ்வர்ணா அருகில் வந்தாள்.

"எங்க ஒட்டினேள்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். தமிழில் பேசுவதே தாழ்த்திப் பேசுவதுபோலத்தான் அங்கே. "ஒண்ணு பிரவுன்ல. ஒண்ணு... வெள்ளையில. நீ ஒண்ணும் பேசாத. ரீஷூட் தரேங்கறார். போய் சுடு."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வெள்ளையில போனது. டிரிகரை அமுக்கறச்சயே தெரிஞ்சுடுத்து. கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"அப்போ பகவானாப் பாத்துக் கொடுத்த சான்ஸ்னு நினைச்சுக்கோ."

"பகவான் எங்க ஒட்டினார்? நீங்கதானே ஒட்டினேள்?" அவள் கோபப்படவில்லை. அவளுடைய நாற்காலியில் வாய்திறந்து படுத்திருப்பவர்களிடம், இப்போது கொஞ்சம் வலிக்கும் என்று சொல்வாளே, அந்தக் குரல். "இப்போ என்கிட்ட தமிழ்ல சொன்னேளே, அதையே அவர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லுங்கோ."

"ஸ்வர்ணா, ஆறு வருஷம்டி! கராஜ்ல, காலங்கார்த்தால..."

"அந்த ஆறு வருஷத்துக்காகத்தான் சொல்றேன். நான் சுட்டதை அவர் எண்ணட்டும். சொல்லுங்கோன்னா."

இருபத்தைந்து ஆண்டுத் தாம்பத்தியத்தில் அவர் அவளை மறுத்துப் பேசிய சந்தர்ப்பங்கள் உண்டு. வென்ற சந்தர்ப்பம் இல்லை. மார்லினிடம் போனார். எந்த இரண்டு ஸ்டிக்கர் தம்முடையவை என்று தமக்குத் தெரியும் என்றார். ஒன்று இதோ. மற்றொன்று, வெள்ளையில், இதோ.

மார்லின் அவரை மேலும் கீழும் பார்த்தார். தன் மனைவிக்கு ஆதாயமாகப் பொய் சொல்கிறவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருப்பார். பாதகமாக ஒருவன் வந்து சொல்வது அவருக்குப் புதிது போலும். "உரித்தால் அட்டையும் சேர்ந்து கிழியும். கிழிந்தால் ஒன்றும் தெரியாது. திரும்பச் சுடவேண்டியதுதான்," என்றார்.

கிழியவில்லை. காலையிலிருந்து பத்மநாபனுடைய முன்கை வியர்வையில் ஊறிய ஸ்டிக்கர்கள் அவை. பசை பாதிக்குமேல் போயிருந்தது. மார்லின் நகத்தால் நெம்பியதும் இலைபோல் கழன்று வந்தன. பழுப்பில் நடுவாக ஒரு துளை. வெள்ளையில், விளிம்புக்கு மிக அருகே, இன்னொன்று.

மார்லின் சட்டைப்பையிலிருந்து ஒளி ஊடுருவும் அளவுத் தகட்டை எடுத்து, அந்தத் துளையின்மேல் வைத்து, கண்ணை இடுக்கினார். குனிந்தார். மறுபக்கம் வந்து மறுபடி குனிந்தார். அவரோடு சேர்ந்து பத்மநாபனும் குனிந்தார்.

"வெள்ளையில் ஒன்று, பத்துப் புள்ளி கழிகிறது," என்றார் மார்லின் கடைசியில். "ஆனால் துளையின் விளிம்பு பழுப்புக் கோட்டையும் தொடுகிறது. ஆகவே அதற்குரிய புள்ளியும் உண்டு. தவறிய குண்டு இல்லை."

டாப்லெட்டை நீட்டினார். ஸ்வர்ணா ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்து, ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு ஷானனைப் பார்த்து, "வாழ்த்துகள்," என்றாள். அவ்வளவுதான். ஷானன் தண்ணீர்ப் புட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு பத்மநாபனுடைய கையைப் பிடித்துத் திருப்பி, மிச்சமிருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்து, அடுத்த ஆண்டு இந்த மனிதர் என் குழுவில்தான் இருக்கவேண்டும் என்றாள்.

முதலிடம் ஷானன். இரண்டாமிடம் ஸ்வர்ணா. நடுவே ஒரு விழுக்காட்டில் பாதிகூட இல்லை.

மாலையில் பரிசளிப்புப் பந்தலில் அவளுடைய பெயரை அழைத்தபோது, மற்றப் பெயர்களுக்கு இல்லாத ஆரவாரம் ஒன்று எழுந்தது. எழுந்து நின்று முதலில் கைதட்டியவர் மார்லின். விஷயம் அதற்குள் பந்தல் முழுதும் பரவியிருந்தது. ஸ்வர்ணா சுடிதாரோடு மேடை ஏறி, மரப்பலகைக் கேடயத்தை வாங்கிக்கொண்டு, யாரோ அழைத்தார்கள் வந்தேன் என்பதுபோல் இறங்கி வந்தாள்.

பத்மநாபனுடைய போன் அதிர்ந்தது. ராஜலக்ஷ்மி ஆன்ட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பிரசாதம் பொட்டலம் கட்டுவதற்கு ஆள் பட்டியல் போடுபவர் அவர்.

"என்னப்பா பத்மநாபா, கான்ஃபரன்ஸ்லாம் முடிஞ்சுதா? ஸ்வர்ணா சண்டே ஃப்ரீயா?"

பத்மநாபன் மனைவியைப் பார்த்தார். அவள் ஜெயிக்கவில்லை, ஆகையால் டீல் இல்லை. அவரை யாரும் கட்டாயப்படுத்தமுடியாது.

"ஆன்ட்டி, கான்ஃபரன்ஸ் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். துப்பாக்கி சுடற போட்டி. நேஷனல்ஸ்!"

"என்னது? லைன் சரியா கேக்கல. தொப்பையா?"

"துப்பாக்கி, ஆன்ட்டி! துப்பாக்கி! நம்ம ஸ்வர்ணா! அமெரிக்கா பூரா லேடீஸ்ல செகண்ட்!" அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். மொழி தெரியாத பந்தல் திரும்பிப் பார்த்தது.

"யாரு, நம்ம ரூட் கனால் ஸ்வர்ணாவா?"

"அவளேதான்."

"ஃபர்ஸ்ட் ஏன் வரலயாம்?"

"அது என்னாலதான் ஆன்ட்டி... இல்ல, என்னால இல்ல. நேர்ல வந்து சொல்றேன். எல்லாரும் இருக்கறச்சே சொல்றேன். அந்த ஸ்டிக்கரைக்கூட பர்ஸ்ல வெச்சிருக்கேன்."

"சரி, சரி. சண்டே அவளை வரச் சொல்லு. சாமானையெல்லாம் ஆத்துல வெச்சுட்டு வரச் சொல்லு. கேட்டியா?" என்று போனை வைக்கப்போன ஆன்ட்டி, வைக்காமல், "பத்மநாபா," என்று இன்னொரு முறை கூப்பிட்டார். "அந்தப் பரிசை மட்டும் எடுத்துண்டு வரச் சொல்லு. சந்நிதியில வெச்சுக் கொடுக்கச் சொல்றேன்."

பத்மநாபன் திரும்பினார். ஸ்வர்ணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கேடயத்திலுள்ள எழுத்துகளை முதன்முறையாகப் படிப்பவள்போல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதுமடல் சிவந்திருந்தது.