மூன்றாவது மாடியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்

நான் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும், "எவ்வளவு உயரத்திலேர்ந்து விழுந்தீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். இருபது வருடம் லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறியவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, அது சாய்ந்து, வலது கணுக்கால் முறிந்தது.

மாவுக்கட்டு போட்டு இன்றோடு இருபத்து மூன்று நாள். அத்தனை நாளும் நான் தெருவில் இறங்கவில்லை. என் மனைவி விடவில்லை என்றுதான் எல்லோரிடமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் இரண்டு ஊன்றுகட்டைகளைக் கையில் தந்து அழகாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். "ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதல்ல. ஒரு கை எப்பவும் கைப்பிடியில இருக்கணும். கூட வர்றவங்க ஒரு படி கீழ நிக்கணும்." எனக்கே படி ஏறச் சொல்லித் தருகிறாளா என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். அன்று மாலையே வினை வந்தது. இரண்டாவது மாடி தாண்டியதும் வீறாப்பாக இரண்டு கட்டைகளையும் மேல் படியில் முதலில் வைத்தேன். உடம்பு பின்னால் சாய்ந்தது. சொன்னபடி ஒரு படி கீழே நின்றவள் என் மனைவிதான். முழுப் பாரத்தையும் அவள் தாங்கினாள். அவளுடைய இடது மணிக்கட்டு பத்து நாள் வீங்கியிருந்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கட்டையை அவள் கையோடு எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் அவள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?"

"குழிக்குள்ள இறங்கும்போது வேற யாரும் லிஃப்டை ஓட்டிடாம சுவிட்சை ஆஃப் பண்ணி, பூட்டி, சாவியைப் பையில போட்டுக்கணும்னு நீங்கதானே நூறு தடவை சொல்லியிருக்கீங்க? இது என் சாவி."

"சாவி குழிக்குள்ள இருக்கிறவன் பையில இருக்கணும்டி!" என்று கத்தினேன். அவள் நான்கு படி இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் கட்டை வேலைக்குப் போய்வருகிறது. பஸ்ஸில் அதைப் பார்த்து எழுந்து அவளுக்கு உட்கார இடம் கொடுக்கிறார்களாம்.

எனக்கு இரண்டு அறை, ஒரு ஜன்னல். கட்டிலிலிருந்து அடுப்படிக்கு ஒற்றைக் கட்டையோடு பதினான்கு தத்தல். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பாதி கேட் தெரியும். சுவரில் விரிசல்கள் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பகலெல்லாம் சேர்த்துவைத்த எரிச்சலை மாலையில் அவள் கதவைத் திறந்ததும் அவள் தலையில் கொட்டுவேன். ஏன் லேட், டீ ஏன் ஆறிப்போச்சு, கட்டை எங்கே. அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டையும் கைப்பிடியும் இருந்தாலே படி இறங்கலாம். அந்தப் பிசியோதெரபிப் பெண் அதையும் செய்து காட்டினாள். நான் தினமும் வாசல் வரை போய், முதல் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பயம். அதை ஒத்துக்கொள்வதைவிடக் கத்துவது சுலபமாக இருந்தது.

இன்று ஐந்தே காலுக்கு கேட் சத்தம் கேட்டது. அவள் தலை தெரிந்தது. வழக்கமாக அதிலிருந்து ஏழெட்டு நிமிஷத்தில் மேலே வந்துவிடுவாள். கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. போன் போட்டேன். மணி சத்தம் கீழே படிக்கட்டிலிருந்தே கேட்டது. யாரும் எடுக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை, சத்தமாகக் கூப்பிட்டேன்.

விழுந்துவிட்டாளோ? மயக்கமோ? வாசலுக்குத் தத்தினேன். ஐம்பத்து நான்கு படி. வலது கையால் கைப்பிடியை இறுக்கினேன். கட்டை முதலில், அடிபட்ட கால் அதோடு, பிறகு நல்ல கால். கட்டை, கால், கால். முதல் திருப்பத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது மாடியில் அவசரத்தில் நல்ல காலை முதலில் நீட்டிவிட்டு, கட்டை மேலேயே நிற்க, அந்தரத்தில் ஆடினேன். கைப்பிடி காப்பாற்றியது. மறுபடி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

கடைசி வரிசையில், மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவைத்திருந்தாள். பை பக்கத்தில், கட்டை மடியில்.

"என்னாச்சு? மயக்கமா?"

திரும்பிப் பார்த்தாள். "எப்படி இறங்கினீங்க?"

"உனக்கு என்னாச்சுன்னு கேக்கறேன்."

"ஒண்ணும் ஆகலை." கட்டையின் ரப்பர் முனையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "தினமும் இங்க அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுத்தான் மேல வருவேன். இன்னைக்கு எழுந்திருக்கவும் மனசு வரலை, போனை எடுக்கவும் மனசு வரலை. மேல நீங்க இருக்கீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் களைப்பாகச் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. பத்தடியில் கேட் திறந்தே கிடந்தது. இருபத்து மூன்று நாளாக ஏங்கிய தெரு. அதில் கால் வைக்கத் தோன்றவில்லை.

"நீ இரு. எப்ப தோணுதோ அப்ப வா. நான் மேல போறேன்."

திரும்பினேன். கைப்பிடி, நல்ல கால், பிறகு கட்டையும் அடிபட்ட காலும். ஒரு படி. இன்னொரு படி. அவள் கூப்பிடவில்லை. ஏழாவது படியில் மூச்சு வாங்க நின்றேன்.

செருப்புச் சத்தம் வந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. சொன்னபடி ஒரு படி கீழேதான் நின்றிருந்தாள்.

"இனிமே கத்த மாட்டேன்" என்றேன்.

"முதல்ல ஏறுங்க" என்றாள்.