நாலு பத்து

படகு கவிழ்ந்து மூன்று வருடம் ஆகிறது. நாடே ஏழு நாள் கொடியை அரைக்கம்பத்தில் வைத்திருந்த விபத்து. அதில் மிஞ்சிய பொருட்களை ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் படத்தோடு வந்திருந்தது. படத்தில் இருந்த ஒரு கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவன் கிளம்பி வந்தான். வாரில் ஓர் ஓட்டை கூடுதலாக இருந்தது. அவன் மனைவிக்கு மெலிந்த மணிக்கட்டு. ஊசியைச் சுடவைத்து அவனே போட்ட ஓட்டை.

பழைய கிளினிக்தான் இப்போது காட்சியறை. வேறு இருக்கை இல்லாததால் டாக்டர் அவனை நோயாளி நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

“பயப்படாதீங்க தம்பி, வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன்.”

“வர்றவங்க எல்லார்கிட்டயும் இதே ஜோக்குதான்,” என்று உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “பல்லைப் பிடுங்கினது போதாதுன்னு இப்ப உயிரை எடுக்கறார்.”

கண்ணாடிப் பெட்டிக்குள் டிக்கெட்டுகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு விசில். மேல்தட்டில் பத்துக் கைக்கடிகாரங்கள். பத்தும் நாலு பத்து காட்டின.

அவனுக்கு வேண்டியது கடிகாரம் அல்ல, அது நின்ற நேரம். அன்று படகில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்த நாலு ஐந்துக்கு அவள் போன் செய்தாள். மீட்டிங்கில் இருந்தவன் வெட்டிவிட்டான். நாலரைக்குத் திருப்பி அழைத்தபோது போன் அணைந்திருந்தது. வெட்டிய பிறகு அவள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தாள்? மூன்று வருடமாக அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

“எல்லாம் ஒரே நிமிஷத்துலயா நின்னுச்சு, டாக்டர்?”

“அதெப்படி நிக்கும்? ஒண்ணு நாலேகால், ஒண்ணு அஞ்சரை. தண்ணி புகுந்ததைப் பொறுத்து. பார்க்க வர்றவங்க குழம்பினாங்க. படகு கவுந்தது நாலு பத்துன்னு விசாரணை அறிக்கையிலயே இருக்கே! பல் அழுக்கு எடுக்கற ஊசியாலயே சேத்தைச் சுரண்டி, முள்ளைத் திருப்பி எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன்.” பெருமையாகத்தான் சொன்னார்.

அவன் விரலை நீட்டினான். “இது எத்தனை மணியில நின்னிருந்தது?”

“எழுதி வைக்கலையே. ஏன் தம்பி?”

“என் மனைவி கட்டியிருந்தது.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. டாக்டர் பெட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“கொண்டு போங்க. மன்னிச்சிருங்க.”

“யோசிச்சுப் பாருங்க. நாலு பத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எங்கே தொட்டால் வலிக்கும் என்று தேடுகிறவர் போல அவன் முகத்தையே பார்த்தார்.

“முன்னாடி,” என்றார். பிறகு அவசரமாக, “முன்னாடிதான் தம்பி.”

அப்படியானால் அவன் போனை வெட்டிய பிறகு ஐந்து நிமிடம்கூட இல்லை.

டாக்டரின் மனைவி கதவருகே வந்து நின்றார். “உங்களுக்கு நிஜமா ஞாபகம் இருக்கா?”

டாக்டர் வாய் திறக்கவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.