அறை வைத்த படகு

படகில் எதற்கு அறை? நான் இப்படிக் கேட்டபோது என் வீட்டுக்காரர் நாகசுப்பிரமணியன் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். மனுஷன் எதையோ மறைக்கிறார்.

“சும்மாதான். வெயில் படாம உக்காரலாம்ல” என்றார்.

அதையும் தமிழில் சொன்னார். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். கடைத்தெருவில் தமிழ், வீட்டுக்குள் எங்கள் பேச்சு. மற்றதையெல்லாம் உங்களுக்காக நான்தான் தமிழில் மாற்றிச் சொல்கிறேன். இவருக்குப் பொய் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் வீட்டுக்குள்ளேயே தமிழ் வந்துவிடும். என் அண்ணன் போட்ட வாட்சைத் தொலைத்துவிட்டு ‘ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்’ என்று சொன்னதும் தமிழில்தான்.

மதுரைக்காரருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டவள்தான். செல்லூரில் எங்களுக்கு இரண்டு பவர்லூம் உண்டு. மகன் கார்த்திகேஷ் தொழிலைக் கையில் எடுத்தபிறகு இவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, மேலூர் ரோட்டில் ஒரு கண்மாய் கரை தளும்ப நிறைந்தது. விருமாண்டி என்ற காண்ட்ராக்டர் அதில் படகுச் சவாரி ஆரம்பித்தார். யாரும் சொந்தப் படகு கொண்டுவந்து விடலாம், வசூலில் அவருக்குப் பங்கு. இவர் போய் அன்னமூஞ்சி வைத்த பெடல் போட் ஒன்றை வாங்கி விட்டார். தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து இவருக்கு முகம் தெளிந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்ப்பதற்கு இது தேவலை என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் ஓடியது. இப்போது அந்த அன்னத்தை விற்றுவிட்டு, ஆலப்புழையிலிருந்து மோட்டார் வைத்த, அறை வைத்த பழைய படகு ஒன்றைக் கொண்டுவரப் போகிறாராம். அறைக்குக் கதவு உண்டாம், ஜன்னல் உண்டாம். கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றக் கால் மணி நேரம் ஆகாது. அதற்கு அறையா? விளக்கமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டின கதைதான்.

“அதக் கட்டுறதுக்கு எடம் இருக்கா?” என்று கேட்டேன்.

இல்லை. அதுதான் சிக்கல். படகுத்துறை என்பது கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் ஒரு சிமென்ட் மேடை. அதில் படகு கட்ட ஆறே ஆறு கட்டைகள். ஒரு கட்டைக்கு ஒரு படகு, கட்டையை விட்டவன் உரிமையை விட்டவன், இது விருமாண்டி போட்ட சட்டம். புதுப் படகு இரண்டு கட்டை இடத்தை அடைக்கும். இவருக்கு இருப்பது ஒன்று.

“பக்கத்துக் கட்டை மலையம்மாளோடது. அது, காலியாக் கெடக்குற ஓரத்துக் கட்டைக்கு மாறிக்கிறேன்னு சொல்லிருச்சு. நல்ல பிள்ள.”

நல்ல பிள்ளையாம். யார் இந்த நல்ல பிள்ளை என்று நாலு பேரிடம் விசாரித்தேன். புருஷன் செத்தபிறகு அவன் படகை வைத்துப் பிழைக்கிறவள். சவாரி இல்லாத நேரத்தில் கரையில் அவித்த கடலை விற்கிறவள். வயது நாற்பதுக்குள். ஓரத்துக் கட்டையில் தண்ணீர் குறைவு, சேறு அதிகம், அங்கே சவாரி ஏறமாட்டார்கள். பிழைப்புக்கு வைத்திருக்கிற நல்ல இடத்தை ஒருத்தி எதற்காக இவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வாரம் ஒருமுறை சவரம் செய்கிறவர் தினமும் செய்தார். மடக்குகிற மெத்தை ஒன்றை வாங்கி, எங்களிடம் வேலை பார்க்கிற தறிக்காரர் வீட்டில் ஒளித்துவைத்திருந்தார். ஒரு நாள் என் மருமகள் பிருந்தா பருப்பு கடைந்துகொண்டே, “அத்தை, ஜன்னல் திரைக்கு என்ன கலர் நல்லாருக்கும்னு மாமா எங்கிட்டக் கேட்டாங்க. நம்ம வீட்ல திரையே இல்லியே” என்றாள். மத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் என் முகம் மாறியது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று, “கடையிறதக் கட” என்றேன்.

எங்கள் வீட்டில் திரை போட ஜன்னல் எங்கே இருக்கிறது? கீழே முழுக்கத் தறி. மேலே ஓர் அறை, ஓர் அடுப்படி. கார்த்திகேஷுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த அறையைப் பிள்ளைகளுக்கு விடுங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். அன்றிலிருந்து நான் மகள் காவ்யஸ்ரீயோடு அடுப்படியில் படுக்கிறேன், இவர் கீழே தறியடியில் பாய் விரிக்கிறார். இந்த வயதில் என்ன என்று நான் நினைத்தேன். இவர் வேறு என்னமோ நினைத்துவிட்டார் போல.

கடைசியில் எதிர்வீட்டு முத்துமீனா வந்து பற்றவைத்தாள். “நேத்து மேலூர் பஸ் ஸ்டாண்டுல ஒங்க வீட்டய்யாவப் பாத்தேன்க்கா. ஒரு பொம்பள அவரு பையத் தூக்கிக்கிட்டுக் கூடவே போச்சு. கையப் பிடிக்காத கொறதான்.”

நேற்று எங்கே போனீர்கள் என்று இவரைக் கேட்டேன். “துறையிலதான் இருந்தேன்” என்றார், தமிழில்.

அழவில்லை. அழுதால் யாருக்கு லாபம்? சண்டை போட்டால் ஆம்பளை சத்தியம் பண்ணுவான், அதோடு முடிந்தது. படகு வந்தால்தானே அறை? இடம் இருந்தால்தானே படகு? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மேலூர் பஸ்ஸில் ஏறினேன். அன்று இவர் அச்சாரம் கொடுக்க ஆலப்புழை போயிருந்தார்.

மலையம்மாள் புளியமரத்தடியில் கடலைச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கறுப்பு, நல்ல உயரம், சிரித்த முகம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. யாரென்று காட்டிக்கொள்ளாமல் ஒரு பொட்டலம் வாங்கிக் கொறித்தேன்.

“ஏம்மா, இங்க ரூம் வச்ச போட்டு வருதாமே?”

“ஆமாக்கா. செல்லூர்க்காரய்யா கொண்டாராரு. என் எடத்தத்தான் கேட்டாரு, சரின்னுட்டேன்.”

“குடுத்துட்டியா? வெவரம் இல்லாத பிள்ளையா இருக்கியே. பெரிய போட்டு வந்து ஒக்காந்துச்சுன்னா சின்னப் போட்டுல எவன் ஏறுவான்? கட்டைய விட்டா திரும்ப வாங்க முடியுமா? விருமாண்டி தருவாரா?”

அவள் சிரிப்பு நின்றது. “அய்யா அப்படிப்பட்டவரு இல்லக்கா.”

“எல்லாரும் மொதல்ல நல்லவங்கதான். ஒனக்குப் பிள்ளைக இருக்கா?”

“ரெண்டு.”

“அப்ப நீயே யோசிச்சுக்க” என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே கொஞ்சம் கூசியது. அதை மறைக்க, கடலையில் உப்புப் பத்தவில்லை என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வேலை செய்தது. நாலு நாள் கழித்து இவர் தொங்கின முகத்தோடு வந்தார். மலையம்மாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம், இடம் இல்லையாம். அன்றைக்கு ஒரு அப்பளம் கூடப் பொரித்துப் போட்டேன். “அப்ப போட்ட வேணாம்னு சொல்லிருங்க” என்றேன்.

“இல்ல, லாரி கெளம்பிருச்சு. வரட்டும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “திங்கக்கிழம நீயும் வா” என்றார்.

என்னை எதற்குக் கூப்பிடுகிறார்? அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னை வெட்டிவிடலாம் என்றா? சண்டைக்குத் தயாராகக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டுதான் போனேன்.

திங்கட்கிழமை துறைக்கு விடுமுறை. கண்மாய்க் கரையில் ஈ காக்கை இல்லை. படகைத் தண்ணீரில் இறக்க வழியில்லாமல் புளியமரத்தடியில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள். வெள்ளையும் நீலமுமாக, நடுவில் ஒரு பெட்டி மாதிரி அந்த அறை. மலையம்மாள் அங்கே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

“இன்னைக்கு உப்பு சரியா இருக்குக்கா. திங்கிறீங்களா?”

இவர் ஒன்றும் கேளாதவர் போலக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மலையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க சொன்னதுல தப்பில்ல. எனக்கும் பொழப்பு இருக்கு, எடத்த விட மாட்டேன். ஆனா யாருன்னு சொல்லிட்டுக் கேட்டிருக்கலாம். அய்யா கிட்டச் சொன்னேன். கடலைய உப்பில்லன்னு திருப்பிக் குடுத்தாளா, அப்ப எங்க வீட்டுக்காரிதான்னு சொல்லிட்டாரு.” அவள் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்துவிட்டாள்.

இவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் படகில் ஏறினேன். அறைக்குள் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, ஒன்றில் அந்த மெத்தை. ஜன்னலில் மஞ்சள் திரை. நான் விடவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு கொண்டை ஊசி கிடைத்தாலும் போதும், இவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். ஒன்றும் இல்லை.

“என்ன தேடுற?”

“யாருக்கு இந்த ரூம்? இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க.”

இவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதமே சரியில்லை, மெதுவாக, கையை ஊன்றி. “கார்த்தி கல்யாணத்துக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் தனியா ஒரு வார்த்த பேசிருக்கோமா சாரதா? மேல பேசினா பிள்ளைகளுக்குக் கேக்குது. கீழ பேசினா தறிச் சத்தத்துல கத்தணும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எனக்கு நெஞ்ச அடச்சிருச்சு. இந்தக் கரையிலதான். வேர்த்து ஊத்திருச்சு. மலையம்மாதான் பையத் தூக்கிக்கிட்டு மேலூர் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மறுபடி போனப்பவும் அதுதான் கூட வந்துச்சு. என் நெலம தெரிஞ்சுதான் எடத்தையும் தர்றேன்னுச்சு.”

நான் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் நெனச்சேன். எங்க வச்சுச் சொல்ல? அடுப்படியில காவ்யா படிச்சுக்கிட்டிருக்கா. அவளுக்குத் தெரிஞ்சா பரிச்ச போச்சு. கார்த்திக்குத் தெரிஞ்சா தறிய நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவான். ஒன்னையத் தனியா உக்கார வச்சுச் சொல்ல ஒரு எடம் இல்ல எனக்கு, நான் கட்டின வீட்ல. மத்த நாளு சவாரி ஓடட்டும், திங்கக்கிழம திங்கக்கிழம நாம ரெண்டு பேரும் வந்து நடுத்தண்ணியில நிப்பாட்டிட்டுப் பேசலாம்னு பாத்தேன்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு கடலைக்காரிக்கு ரெண்டு மாசமாகத் தெரிந்த நோவு, கட்டின பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. இவர்மேல் ஆத்திரமா, என்மேலா, அந்த வீட்டின்மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அழுகையும் வந்தது. முத்துமீனா சொன்னதை நம்பிய காதைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

“எடத்தக் கெடுத்தது நான்தான்” என்றேன்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா லாரிய வரச் சொன்னீங்க?”

“தண்ணி இல்லாட்டிப் போகுது. கதவு இருக்குல்ல.”

எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் கையை வைத்தேன். துடிப்பது கைக்குத் தெரிந்தது.

“எந்தப் பக்கம் வலிச்சுச்சு? மொதல்லருந்து சொல்லுங்க” என்றேன்.