தாழ்ப்பாள் தீர்மானம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது அண்ணியிடமிருந்து சுட்ட கதை. மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கிவைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர் அண்ணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, “எங்க பள்ளிக்கூடத்துல ஒரு செயலாளர் இருந்தா” என்று ஆரம்பித்தார். சொந்தக் கதையை யாரோ ஒருத்திக்கு நடந்ததுபோலச் சொல்வது ஊரில் எல்லாரும் செய்வதுதான். எழுதுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: “மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்...” (அண்ணி மழையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: “ஜனநாயகம் என்பது அடிப்படையில் ஒரு...” (கதை எழுது, பாடம் நடத்தாதே.)

மூன்றாவது கீழே.

2

பதினோராம் வகுப்பில் அவளை எல்லாரும் ‘நோட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். மாணவியர் பேரவைத் தலைவி பதவிக்கு மூன்று பேர் போட்டியிட்டார்கள். சுவரொட்டி, பேச்சு, மிட்டாய் என்று ஒரு வாரம் பள்ளிக்கூடமே அமளிப்பட்டது. செயலாளர் பதவிக்கு ஒருத்தரும் நிற்கவில்லை. வேதியியல் டீச்சர், “யாருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்?” என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் அவளைக் கைகாட்டியது. இப்படியாக அவள் மக்களின் பிரதிநிதி ஆனாள்.

தலைவியாக வந்தவளுக்கு ‘மைக்’ என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவள் அள்ளி வீசிய வாக்குறுதிகளில் ஒன்று கழிவறைகளுக்குத் தாழ்ப்பாள். நான்கு கழிவறைகளில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள் இருந்தது. மற்ற மூன்றில் ஒருத்தி உள்ளே போனால், தோழி வெளியே நின்று கதவைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். தோழி லீவு போட்ட நாளில் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அப்படி இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலை அசெம்பிளியில் மயங்கி விழுந்தாள். அதன்பிறகு எல்லாரும் பேரவைக் கூட்டத்துக்காகக் காத்திருந்தார்கள்.

3

கூட்டத்துக்குத் தலைமையாசிரியையே வந்து உட்கார்ந்தார். “என்ன குறையா இருந்தாலும் தைரியமா சொல்லுங்க. என் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்.”

(அடிக்குறிப்பு: கதவு எப்போதும் திறந்திருப்பதுதானே பிரச்சினை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இது நான் சேர்த்தது. நன்றாக இருப்பதால் விட்டுவைக்கிறேன்.)

வகுப்புத் தலைவிகள் பன்னிரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு மைக்கைப் பார்த்தார்கள். மைக் எழுந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“குறைன்னு ஒண்ணும் இல்லை மேடம். எல்லாம் நல்லாத்தான் போகுது.”

உட்கார்ந்துவிட்டாள். எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் நோட்டு வீட்டில் உட்கார்ந்து, பேரவையின் குறிப்பேட்டில் கூட்டக் குறிப்பை எழுதினாள். முதல் தீர்மானம், விளையாட்டு விழாத் தேதி. இரண்டாவது, சீருடை. அதோடு முடிந்திருக்க வேண்டும். பேனாவை மூடிவிட்டாள். மயங்கி விழுந்த பெண்ணை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனது ஞாபகத்துக்கு வந்தது. மூடியைத் திறந்தாள்.

“மூன்றாவது: கழிவறைகளுக்குத் தாழ்ப்பாள் கேட்கப்பட்டது. பதினைந்து நாளில் போட்டுத் தருவதாகத் தலைமையாசிரியை உறுதியளித்தார்.”

பச்சைப் பொய். அவள் எழுதிய முதல் புனைவு அதுதான். மறுநாள் தலைமையாசிரியை போனில் பேசிக்கொண்டே, ஒரு வரிகூடப் படிக்காமல் அதில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். என் கதைகளுக்கு இப்படியொரு வரவேற்பு இதுவரை கிடைத்ததில்லை.

4

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினார். “பதினஞ்சு நாள் தாண்டிடுச்சே. தாழ்ப்பாள் போட்டாச்சா?”

தலைமையாசிரியை அசரவில்லை. “ஆளுக்குச் சொல்லியாச்சு சார். நாளைக்கு வர்றாங்க.”

மறுநாள் தச்சர் வந்தார். அவர் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நோட்டையும் மைக்கையும் தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது.

“இதை யார் கேட்டது? நான் எப்ப சரின்னு சொன்னேன்?”

நோட்டு தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் என்று ஒப்புக்கொண்டால் பதவி போகும், போகட்டும். ஆனால் அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். தையல் கூடத்தில் ஒரு மணி நேர அனுமதி வாங்கவே அம்மா படும் பாடு அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது மைக் வாய் திறந்தாள்.

“நான்தான் கேட்டேன் மேடம். நீங்களும் சரின்னீங்க. மறந்துட்டீங்க போல.”

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எந்தத் தலைமையாசிரியை சொல்வார்? “ஆமாமா... இப்ப ஞாபகம் வருது” என்றார்.

அடுத்த நாள் அசெம்பிளியில் அவரே மைக்கை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார். ஒரே கைதட்டல். மைக் ஒரு வெற்றி இளிப்போடு கும்பிட்டாள். ஏழாவது வரிசையில் நின்ற நோட்டும் கை தட்டினாள்.

(அந்த இளிப்பு அண்ணி சொன்னதில் இல்லை. பாத்திரம் சப்பென்று இருந்தது. கொஞ்சம் உப்பு போட்டேன்.)

5

முடிவுகள்:

அ) நோட்டு மேடையேறி உண்மையைப் போட்டு உடைக்கிறாள். (நானே நம்பவில்லை.)

ஆ) இருபது வருடம் கழித்து அவளே கல்வி அதிகாரியாகி அதே பள்ளிக்கூடத்துக்கு... (சீ.)

இ)

இதற்குமேல் ஓடவில்லை. எழுதிய வரைக்கும் அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்து முடித்தார்.

“அந்த இளிப்பை எடுத்துடு.”

“ஏன் அண்ணி? பாத்திரத்துக்குப் பொருத்தமா இருக்கே?”

“நான் சிரிக்கலை. கும்பிட்டேன், அவ்வளவுதான்.”

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அப்ப நீங்க... நோட்டு இல்லையா?”

“நான் எப்பவாவது அப்படிச் சொன்னேனா? என் கையெழுத்தைப் பார்த்திருக்கேதானே நீ?”

பார்த்திருக்கிறேன். அவர் எழுதிய மளிகைச் சீட்டோடு போய், கடையிலிருந்து இரண்டு முறை போன் செய்து கேட்டிருக்கிறேன்.

அண்ணி காகிதங்களை மேசைமேல் வைத்தார். “அந்த ரூம்ல அவளைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். சத்தியமா. மறுநாள் கை தட்டினாங்க பாரு, அது எனக்குத்தான்னு நம்புறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை.”

“அப்புறம் அவங்ககிட்ட பேசினீங்களா?”

“வராந்தாவுல பார்த்தேன். ‘தேங்க்ஸ்’னா. எதுக்குன்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை.”

வருடக் கடைசியில், தலைவி கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தக் குறிப்பேடு அண்ணி கைக்கு வந்திருக்கிறது. கடைசிக் கூட்டம், கடைசி வரி. தாழ்ப்பாள் போடக் காரணமாக இருந்த இன்னாருக்குப் பேரவை நன்றி தெரிவிக்கிறது என்று செயலாளர் அழகாக எழுதியிருந்தாள். ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள்.

“எழுத மறந்துட்டாங்களோ?”

“அவளா?” என்று மட்டும் கேட்டார் அண்ணி.

“நீங்க என்ன எழுதினீங்க அண்ணி?”

“நீதானே கதை எழுதறவன்” என்று காகிதங்களை என் கையில் திணித்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனார்.

6

இளிப்பை அடித்துவிட்டேன். நீங்கள் அதற்குள் படித்துவிட்டீர்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

புள்ளிகளின் மேல் செயலாளரை எழுதிப் பார்த்தேன். அவளே விட்ட இடத்தில் அவளையே போட நான் யார்? தலைவியை எழுதினேன், மனம் ஒப்பவில்லை. மயங்கி விழுந்த பெண்ணை எழுதினேன். அதில் என் சாமர்த்தியம்தான் தெரிந்தது. யாருடைய மனதில் என்ன இருந்தது என்று அண்ணிக்கே இன்றுவரை தெரியவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தவரிடம் இன்னொரு முறை கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

வரியை அப்படியே தருகிறேன். பெயர் நீளமாக இருந்தாலும் கொள்ளும்படி இடம் விட்டிருக்கிறேன்.

“தாழ்ப்பாள் போடக் காரணமாக இருந்த ........................................ அவர்களுக்குப் பேரவை தன் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது.”