நடுக்கதவுக்கு அந்தப் பக்கம்

"ரஹீமா, போனைக் கையில வச்சுக்கிட்டு வீடு பூராம் ஒரு நடை நடந்துட்டு வாரியாம்மா?"

சவூதியில் தம்மாமிலிருந்து அண்ணன் பாசித் அப்படிக் கேட்டபோது ரஹீமா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வராது. வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வேண்டிவந்தால் தொண்டை அடைத்துப்போகும். பத்தாவதோடு அந்தத் தொல்லையும் தீர்ந்தது, பள்ளிக்கூடமும் தீர்ந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பாசித்துக்கு அங்கே வேலையே அதுதான். பெரிய ஓட்டல்களில் அறைக்கு அறை வயர் இழுத்து, எந்த மூலையில் நின்றாலும் வைஃபை அறுந்துபோகாதபடி செய்துகொடுக்கிற கம்பெனியில் இருந்தான். "லிஃப்ட்டுக்குள்ள போறவனுக்கும் படம் நிக்காம ஓடணும். நின்னுச்சுன்னா எங்களுக்குத்தான் ஏச்சு" என்பான். ஊரெல்லாம் சிக்னல் கொடுக்கிறவனால் சொந்த வீட்டில் இருக்கிற பெண்டாட்டியோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை.

வீடு அப்படி. திருச்சுழி ரோட்டை விட்டு இறங்கி, கருவேலங்காட்டைத் தாண்டினால் முதல் வீடு. ரயில்பெட்டி போல நீளம். முன்பாதி பாசித் அனுப்பிய காசில் எழும்பிய காங்கிரீட். பின்பாதி பழைய கட்டடம், ஆள் குறுக்கே படுக்கிற அகலத்துக்குக் கருங்கல் சுவர். இடிக்கிற கூலிக்கு இன்னொரு வீடே கட்டிவிடலாம் என்று கொத்தனார் சொன்னதால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கதவு, அதில் பச்சைத் திரை. திரைக்கு முன்னால் இருக்கிற முன்னறை ஆண்களுக்கு. பின்னால் நடுக்கூடம், அடுப்படி, கடைசியில் கருங்கல் சுவருக்குள் உள்ளறை. உள்ளறைதான் பாசித்துக்கும் நர்கிஸுக்கும் ஒதுக்கியது. கல்யாணமாகி ஒரு லீவு மட்டும் அவன் அதில் இருந்தான். பிறகு நர்கிஸ் மட்டும் இருந்தாள்.

அண்ணன் சொன்னபடி அத்தாவின் போனை நடுக்கூடத்து அலமாரி மேல் வைத்து, அதிலிருந்து நெட்டைப் பரப்பிவிட்டு, தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள் ரஹீமா. போனில் அவன் ஏற்றச் சொன்ன ஏதோ ஒன்று ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண்ணைக் காட்டியது. எண் ஏற ஏற சிக்னல் மோசம் என்று அர்த்தமாம். முன்னறை, அடுப்படி, மாடிப்படி, கோழிக்கூடு வரை போனாள். அத்தாவின் போனை அலமாரியிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்து மறுபடியும் நடந்தாள்.

மோர் வாங்க வந்த பக்கத்துக் காட்டுக்காரி குருவம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்ன தாயி, காணாமப்போன கோழியத் தேடுற மாதிரி அலையுற?"

ரஹீமா சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். "அவ அண்ணன் காத்தை அளந்து சொல்லச் சொல்லிருக்கான்."

"அளந்து மிச்சம் கெடந்தா எங்க வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு. புழுங்கிச் சாகுறோம்."

எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று கிடைத்தது. உள்ளறை வாசலைத் தாண்டியதும் எண் குதித்து ஏறியது, நெட்டு நின்றது. கல்சுவர் ஒருபுறம். அதை ஒட்டி, நர்கிஸுக்குச் சீராக வந்த இரும்பு பீரோ இன்னொருபுறம்.

"ஒங்க வீட்டுப் பீரோதான் மறிக்குது" என்று அன்று சாயங்காலம் பாசித் நர்கிஸிடம் சொன்னான்.

"அப்பப் பீரோவையும் என்னையும் சேத்து எங்க ஊரு காரியாபட்டிக்கே லோடு ஏத்தி விட்டுருங்க."

நடுக்கூடமே சிரித்தது. அதுதான் சங்கடம். நடுக்கூடத்தில் நின்றால்தான் அவன் குரல் தெளிவாகக் கேட்கும். அங்கே மாமியார் இருப்பாள், நாத்தனார் இருப்பாள், திரைக்கு அந்தப் பக்கம் மாமனார் தொண்டையைச் செருமுவார். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பாள். சாப்பிட்டேன் என்பான். "அவனுக்கு இருமலு கேக்குது, கசாயம் போட்டுக் குடிக்கச் சொல்லு" என்று மாமியார் இடையில் நுழைவாள். போனை வைத்த பிறகு நர்கிஸ் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

எங்கே எந்த வைஃபை பெட்டி வர வேண்டும் என்று பாசித் வீட்டைப் படமாகப் போட்டு அனுப்பினான். நடுக்கூடத்தின் உச்சியில் தாய்ப்பெட்டி. அதிலிருந்து வயர் போய் உள்ளறையில் ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி. மூன்றுக்கும் ஒரே பெயர். பேசிக்கொண்டே நடந்தாலும் அறுந்துபோகாது. "சுவத்தைத் தாண்டிக் காத்துலயே போகட்டும்னு விட்டோம்னா பாதி வழியில பாதியாயிரும். வயர்ல போனா முழுசாப் போகும். அதனால உள்ளறைக்கு வயர் கட்டாயம் போகணும், என்ன?" ரஹீமா உம் கொட்டினாள். அண்ணன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து நெட்டுக்காரர் ஹரி, வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வந்தார். அத்தா சின்ன மீரான் அவருக்கு முன்னறையில் நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். ஹரி படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நடுக்கதவுப் பக்கம் திரும்பியபோது சின்ன மீரானும் எழுந்தார்.

"இங்கேயே மாட்டிருங்க தம்பி."

"இல்லங்கய்யா, உள்ள ரெண்டு எடத்துல ஓட்டை போட்டு வயர் இழுக்கணும். ஒரு மணி நேர வேலைதான்."

"பொம்பளைக பொழங்குற எடம். முன் ரூமோட இருக்கட்டும்."

திரைக்குப் பின்னால் நின்ற ரஹீமாவின் கையிலிருந்த போனில் பாசித் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அத்தாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தாள்.

"அத்தா, முன்னறையில வச்சா உள்ளறைக்கு ஒண்ணும் வராது."

"வராட்டி வெளிய வந்து பேசட்டும்."

"ஹரி நல்ல ஆளுத்தா. நான் விசாரிச்சுட்டேன்."

"ஆளு நல்லவன், கெட்டவன்னு நான் பேசலையே. நீ இங்க இருந்தா நீயே கூட்டிக்கிட்டுப் போய்க் காமிப்ப, நான் ஏன்னு கேக்க மாட்டேன். நீ இல்லாத வீடு. ஒன் சம்சாரம் இருக்கிற அறைக்குள்ள ஒரு மணி நேரம் ஒருத்தன் இருந்துட்டு வந்தான்னு எவனாவது சொன்னா, அந்த வாயை நான் எதைப் போட்டு அடைக்கிறது?"

பாசித் இல்லாததால்தான் அந்த வயர் தேவைப்பட்டது. அவன் இல்லாததாலேயே அது உள்ளே போகவும் முடியவில்லை. அவனுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும்.

"சரித்தா. நோன்புப் பெருநாளைக்கு வரும்போது நானே இழுத்துக்கிறேன்."

தெருக்கம்பத்திலிருந்து வயர் வந்து நுழைந்த இடத்திலேயே, வாசல் நிலைக்கு மேல், பெட்டியை மாட்டிவிட்டு ஹரி போனார். முன்னறையில் நெட்டு பறந்தது. சின்ன மீரானின் கரிமூட்ட வியாபாரத்துக்கு வருகிறவர்கள், தொழுதுவிட்டு வந்து உட்காருகிறவர்கள், எல்லோருக்கும் அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டு சொன்னார். மகன் போட்டுக்கொடுத்தது என்று பெருமை. திரைக்குப் பின்னால் நடுக்கூடத்தில் சுமாராக வந்தது. உள்ளறையில் ஒன்றுமில்லை. நர்கிஸ் முக்காலி மேல் ஏறி, ஜன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டிப் பார்ப்பாள். "இன்னும் ஒசரம் வேணும் மதினி" என்று ரஹீமா கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொள்வாள். பெருநாள் வரைக்கும்தானே என்று இருவரும் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

பெருநாளுக்கு முன்பே பாசித் மவுத்தாகிவிட்டான்.

வேலையிடத்தில் ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கவில்லை. கூட அறையில் இருக்கும் நரிக்குடிக்காரன் அஃப்ரீத்தான் சேதி சொன்னான். உடலை ஊருக்குக் கொண்டுவர நாளாகும், மய்யித்தைக் காக்கவைக்க வேண்டாம் என்று ஜமாத்தில் சொன்னார்கள். அங்கேயே அடக்கிவிடச் சின்ன மீரான் சம்மதித்தார். உள்ளே வந்து நர்கிஸிடமும் கேட்டார்கள். வெள்ளைத் துணி உடுத்தி மூலையில் இருந்தவள் தலையாட்டினாள்.

"முகத்தை மட்டும் ஒரு தடவை பாத்துக்கிறேன்" என்றாள்.

அஃப்ரீத் சம்மதம் வாங்கி வைத்திருந்தான். "போட்டோ எடுக்க விட மாட்டாக மாமு. அங்க இருக்கவுகள்ட்டக் கெஞ்சி வச்சிருக்கேன். கபன் துணிய முகத்துல மூடுறதுக்கு முந்தி வீடியோவுல ஒரு தடவை காட்டுறேன். எல்லாரும் போன் கிட்டயே இருங்க. மூடிட்டா மறுபடி அவுக்க மாட்டாக."

சாயங்காலம் அழைப்பு வந்தது. முன்னறையில் நிற்க இடமில்லை. வாசல் பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, சின்ன மீரான் இரண்டு கைகளாலும் போனைப் பிடித்திருந்தார். அவருடைய அண்ணன், ரஹீமாவுக்குப் பெரியத்தா, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அதே அழைப்பில் ரஹீமாவும் தன் போனில் சேர்ந்துகொண்டு உள்ளறைக்கு ஓடினாள். உள்ளே ஒன்றும் வரவில்லை. நர்கிஸைத் தோளோடு அணைத்து நடுக்கூடத்துக்குக் கூட்டிவந்தாள். பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். எப்போதும் சுமாராக வருகிற இடம் அது. இன்று அதுவும் இல்லை. முன்னறையில், பந்தலில், தெருவில் நின்ற அத்தனை பேர் பையிலும் போன் இருந்தது. அத்தனையும் அந்த ஒரே பெட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. ரஹீமாவின் போனில் வட்டம் சுற்றியது. கலங்கிய வெள்ளையாக ஏதோ தெரிந்து நின்றது. குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது.

"மதினி, இருங்க" என்றாள்.

பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனாள். அவ்வளவு ஆண்கள் நடுவில் அவள் என்றைக்கும் நின்றதில்லை.

"அத்தா." யாருக்கும் கேட்கவில்லை. "அத்தா. எல்லாரும் கொஞ்சம் தெருவுல போய் நிக்கட்டும். மதினி இங்க வந்து பாக்கணும். உள்ள தெரியலை."

சின்ன மீரான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரியத்தாதான் திரும்பினார்.

"புருசன் மவுத்தாகி இத்தாவுல இருக்கிற பிள்ளை முன்னறைக்கு வாரதா? அந்நிய ஆம்பளை கண்ணுல படாம இருக்க வேண்டிய நேரம்மா இது."

"நாம வெளிய போயிட்டா யாரு பாக்கப்போறா? வரட்டும்ணே" என்றார் ஒருவர்.

"போறதுன்னா தெருவுலயும் ஆளு நிக்குதே. கதவைச் சாத்தணும்."

"சாத்தினா சாத்திட்டுப் போறது."

"எதுக்கும் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுக்கிருவமே."

யாரும் கெட்ட மனசோடு பேசவில்லை. தவறு நடந்துவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொருவரும் பேசினார்கள். ஒருவர் ஹஜ்ரத்தின் நம்பரைத் தேடினார். இரண்டு பேர் எழுந்து, மற்றவர்கள் எழுகிறார்களா என்று பார்த்து நின்றார்கள். ரஹீமா அத்தாவின் தோளைத் தொட்டாள். அவர் அசையவில்லை. அவர் கையில் மகன் முகம் இருந்தது. கன்னத்தில் நீர் ஓடித் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமு," போனிலிருந்து அஃப்ரீத்தின் குரல் வந்தது. "எல்லாரும் பாத்தாச்சா? இவுக அவசரப்படுத்துறாக. மூடிரலாமா?"

"அத்தா, இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் ரஹீமா.

சின்ன மீரானால் அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மூடிருங்கப்பா."

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. ஹஜ்ரத் போனை எடுத்தார், தாராளமாக வரட்டும், நீங்கள் விலகி இருங்கள் என்றார். பெரியத்தாவே எல்லோரையும் கையைக் காட்டி வெளியேற்றினார். தெருக்கதவைச் சாத்தினார்கள். சின்ன மீரான் போனை நாற்காலி மேல் வைத்துவிட்டுச் சாத்திய கதவோரம் போய் நின்றார். ரஹீமாவும் குருவம்மாளும் இருபுறமும் பிடித்து வர, நர்கிஸ் வந்து நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

படம் கண்ணாடி போலத் தெளிவாக ஓடியது. தலைமாட்டில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. அதைத் தூக்குகிற கைகள். பிறகு ஆண்களின் முதுகுகள், வெயில், மணல். "மதினி, வந்துட்டீகளா?" என்று கேட்ட அஃப்ரீத் தேம்பினான்.

அழைப்பு முடிந்த பிறகும் நர்கிஸ் இருட்டான போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பினாள். மாமனாரை அவள் நிமிர்ந்து பார்த்துப் பேசியது ரஹீமாவுக்கு நினைவே இல்லை. இப்போது பார்த்தாள்.

"மாமா, நீங்க பாத்தீகள்ல. அவுக முகம் எப்பிடி இருந்துச்சு?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சின்ன மீரானின் உதடு அசைந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"நெத்தியில அந்தச் சின்னத் தழும்பு தெரிஞ்சுச்சா? தூங்குற மாதிரி இருந்தாகளா? சொல்லுங்க மாமா, நான் கேட்டுக்கிறேன்."

அம்மா திரைக்குப் பின்னால் விம்முவது கேட்டது. ரஹீமா அத்தாவையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது அவளுக்கு. எந்த வார்த்தையானாலும் சரி.

அவர் சாத்தியிருந்த கதவின் தாழ்ப்பாளைத் தடவித் தடவி எடுத்தார். செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி, பந்தலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, கருவேலங்காட்டுப் பக்கம் நடந்து போனார்.