மாதாவுக்கு முன்னால் வைத்த ஸ்கான் படம்

என் மச்சாள் மக்டலீனுக்கு விசுவாசம் அதிகம். நிதானம்தான் கொஞ்சம் குறைவு. கிளினிக்குக்குப் போகும் காலையில், என் கணவர் ஜெனிஸ்ரனின் ஸ்கான் படத்தை எடுத்துப்போய் வீட்டு மாதா சொரூபத்தில் சாத்தி, பக்கத்தில் மெழுகுதிரியும் கொளுத்திவிட்டார். நான் தேத்தண்ணீரோடு வருவதற்குள் படம் சுருண்டு நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது.

“உங்களுக்கென்ன விசரே மச்சாள்?” என்று கத்தினேன்.

“தம்பிக்காகத்தான் வைச்சனான். மாதா பார்ப்பா.”

“மாதா பார்ப்பா. டொக்டர் எதைப் பாக்கிறது?”

அது போன வருடம் கொழும்பில் எடுத்த படம். என் கணவரின் மூளையில் சிறு கட்டி ஒன்று இருந்தது. வளர்ந்திருந்தால் தலையைத் திறக்க வேண்டும். வளராவிட்டால் குளிசையோடு போகும். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். எங்கள் குருநகரிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஓட்டோவில் நான் மச்சாளின் முகத்தையே பார்க்கவில்லை. என் கணவரோ தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் போலக் கடற்காற்றைப் பற்றி ஓட்டோக்காரரோடு கதைத்துக்கொண்டு வந்தார்.

புதிய ஸ்கான் எடுத்து முடிந்ததும் டொக்டர் பிரதீபாவிடம் போனோம். கருகின படத்தை நீட்டினேன்.

“இதென்ன, அடுப்பிலை வைச்சனீங்களே?”

“மாதாவுக்கு முன்னாலை,” என்றார் மக்டலீன், தலையைக் குனிந்தபடி.

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கணவருடைய அடையாள அட்டை எண்ணைக் கேட்டார்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. கொழும்பிலை எடுத்த உடனையே படத்தைக் கிளவுட்டிலை ஏத்தியிருக்கினம். இஞ்சையிருந்தே நான் எடுத்துப் பாக்கலாம். உது எரிஞ்சாலும் அது எரியாது.”

கணினித் திரையில் போன வருடத்துத் தலையும் இன்றைய தலையும் அருகருகே வந்தன. டொக்டர் கட்டியை அளந்தார், திரும்பவும் அளந்தார்.

“வளரேல்லை. ஒப்பரேசன் தேவையில்லை.”

நான் மச்சாளைக் கட்டிப்பிடித்து அழுதேன். என் கணவர் மட்டும் கல்லுப்போல் இருந்தார். பிறகு கேட்டார்:

“டொக்டர், கொழும்பிலை படத்தை ஏத்தினவரின்ரை பேர் என்ன?”

“அது தெரியாதண்ணை. ஏன்?”

“பூசை ஒண்டு ஒப்புக்குடுக்கோணும்.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற கருத்துகளைப் பங்குச் சுவாமியார் வாசித்தார். பெயர்கள் எல்லாம் முடிந்தபின், “ஜெனிஸ்ரனின் ஸ்கான் படத்தைப் பத்திரமாக ஏற்றிவைத்த, பெயர் தெரியாத ஒருவருக்கு நன்றியாக” என்றார். கோயிலில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார மன்றாடினேன். பக்கத்தில் என் கணவர், கத்தி படாத அந்தத் தலையைக் குனிந்து, தேம்பித் தேம்பி அழுதார்.