ரேடாருக்குத் தெரியாத மேகம்

என் தம்பி கிரேன் ஓட்டுறவன். எங்க வானிலை ஆபீசுக்கு எதிர்த்தாப்புல கட்டுற கட்டடத்துலதான் அவனுக்கு வேலை. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற உயரத்துல ஒரு கூண்டு. மத்தியானம் சாப்பிட்டுட்டு மறுபடி ஏறுறதுக்கு முன்னாடி எனக்குப் போன் போடுவான்.

"இடி கிடி உண்டாக்கா?"

அன்னிக்கும் கேட்டான். கம்ப்யூட்டர்ல எங்க ரேடார் படத்தைப் பார்த்தேன், துடைச்சு விட்ட மாதிரி இருந்தது. "ஒரு மண்ணும் இல்ல, ஏறு"ன்னுட்டேன்.

கொஞ்ச நேரத்துல பக்கத்து ஊர் ரேடார் படம் வந்தது. அதுல எங்க ஆபீஸ் இருக்கிற இடத்துலயே சிவப்பா ஒரு திட்டு, இடிமேகம். எங்க ரேடார் எங்க மொட்டைமாடியிலதான் இருக்கு. சுத்திச் சுத்திப் பார்க்குமே தவிர, தன் உச்சந்தலைக்கு நேர் மேல இருக்கிறது அதுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். கோடை மேகம் நின்ன இடத்துலயே திரளும்னும் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம்? ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பார்த்தேனா, அறிவுகெட்டவ!

போன் அடிச்சேன், எடுக்கல. கூண்டுக்குள்ள போன் பேசக் கூடாதாம். ரோட்டுக்குக் குறுக்கே ஓடினேன். வாசல்ல காவலாளி மறிச்சார்.

"ஹெல்மெட் இல்லாம உள்ளே விட முடியாதும்மா."

அவர் தலையில இருந்ததையே பிடுங்கி மாட்டிக்கிட்டு ஓடினேன். கீழே நின்னு சிக்னல் கொடுக்கிறவர் கையில வாக்கி டாக்கி இருந்தது. அதையும் பிடுங்கினேன்.

"டேய், இறங்குடா!"

"நீதானே ஒண்ணும் இல்லன்னு சொன்ன? இன்னும் ரெண்டு லோடுதான், முடிச்சிட்டு வர்றேன்."

"தப்பா சொல்லிட்டேன்டா! என் தப்புதான்! எல்லாத்தையும் விட்டுட்டு இறங்கு!"

கொஞ்ச நேரத்துல ஏணியில அவன் கால் தெரிஞ்சது. அவன் இறங்கி முடிக்கிறதுக்குள்ள நான் வேண்டாத சாமி இல்ல.

அவனை ஷெட்டுக்குள்ள இழுத்துட்டுப் போனதுதான் தாமதம், காது கிழியிற மாதிரி இடி. கிரேன் உச்சியில பொறி பறந்தது. மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அவன் முதுகுல ரெண்டு போட்டுட்டு, கட்டிப் பிடிச்சு அழுதேன். அப்பாடா, போன உசுரு திரும்பி வந்துச்சு.

"மேகத்துக்கெல்லாம் நான் பயப்படலக்கா"ன்னான், இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டே. "'என் தப்பு'ன்னு சொன்ன பாரு, அதைக் கேட்டதும்தான் பயந்து இறங்கினேன். பொறந்ததுலேருந்து உன் வாயில அதைக் கேட்டதே இல்லையே!"